சொந்த வீட்டை விற்கும் முன்பே பழைய வீட்டுக்கு விலை பேசுவது: சேலத்துக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குகை, செவ்வாய்ப்பேட்டை, அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டை பக்கம் பூட்டிக் கிடக்கும் பழைய வீடுகள் நிறைய உண்டு. தடித்த சுவர், உள்ளே ஒரு சிறு முற்றம், மழைக்கு ஒழுகும் ஓடு, வாசலில் தரகரின் கைபேசி எண். மே மாதத்துச் சேலத்து வெயிலிலும் உள்ளே குளிர்ச்சி தங்கும் வீடுகள் இவை. இவற்றை இடித்துவிட்டுத் தீப்பெட்டி அடுக்கியதுபோல் அறைகள் கட்டுவதைவிட, பழுது பார்த்துக் குடியேறுவதே நல்லது என்று நம்புகிறவன் நான். ஆனால் பெரும்பாலான குடும்பங்களின் பணம் ஏற்கெனவே குடியிருக்கும் வீட்டில்தான் முடங்கியிருக்கிறது. அதை விற்றால்தான் இதை வாங்க முடியும். விற்கும்வரை காத்திருந்தால் இது கைநழுவிவிடும்.

இந்த இக்கட்டில் மாட்டியவர்கள் விலையைப் பற்றியே பேசுகிறார்கள். நான் சொல்ல வருவது இதுதான்: உங்களுக்கு விலையைவிடக் கெடுதான், அதாவது மீதிப் பணத்தைக் கொடுத்துக் கிரயம் முடிக்கக் கிடைக்கும் அவகாசம்தான் முக்கியம். விற்பவரிடம் இரண்டு லட்சம் குறைத்துவிட்டு மூன்று மாதக் கெடுவுக்கு ஒப்புக்கொண்டவர், கெடு நெருங்கும்போது தன் சொந்த வீட்டை வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார். 70 லட்சம் பெறுமானமுள்ள வீட்டில் அவசரத்துக்காகப் பத்து சதவீதம் விட்டுக்கொடுத்தாலே 7 லட்சம் போய்விடுகிறது. பேரம் பேசிச் சேர்த்த இரண்டு லட்சம் அதில் எங்கே நிற்கும்? கீழே உள்ள ஒவ்வொரு படியும் கெடுவை நீட்டுவதற்கும், நீட்டிய கெடுவுக்குள் மூச்சுத் திணறாமல் இருப்பதற்குமானது.

முதல் படி: உங்கள் வீட்டின் விலையை நீங்களே அறிந்துகொள்ளுங்கள்

வாங்கப்போகும் வீட்டைப் பார்க்கும் முன், குடியிருக்கும் வீட்டின் கணக்கை முடியுங்கள். தரகர் ஒருவரை மட்டும் கேட்டால் நீங்கள் கேட்க விரும்பும் தொகையைச் சொல்வார். இரண்டு மூன்று பேரைத் தனித்தனியாகக் கேளுங்கள். பதிவுத்துறையின் இணையதளத்தில் உங்கள் தெருவின் பக்கத்துப் புல எண்களுக்கு வில்லங்க விவரம் எடுத்துப் பார்த்தால், அண்மையில் எந்த மனை என்ன தொகைக்குப் பதிவானது என்று தெரியும். பத்திரத்தில் குறைத்துக் காட்டும் பழக்கம் இன்னும் இருப்பதால் அது அடிமட்ட விலை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் தரகர்கள் சொல்வதற்கும் நடுவில் எங்கோ உண்மை இருக்கிறது.

அந்த வீட்டின்மேல் வீட்டுக்கடன் பாக்கி இருந்தால், அசல் பத்திரங்கள் வங்கியில் இருக்கும். வங்கியிடம் இருக்கும் ஆவணங்களின் பட்டியலையும், இன்றைய தேதியில் கடனை முடிக்கக் கட்ட வேண்டிய தொகையையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். மாறும் வட்டியில் உள்ள தனிநபர் வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது. முழுக் கடனும் அடைந்த 30 நாட்களுக்குள் வங்கி ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும். அதன்பின் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் இழப்பீடு என்று 2023இல் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. இந்த 30 நாட்களையும் உங்கள் நாட்கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் படி: காகிதத்தில் ஒரு கணக்கு

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அழகாபுரத்தில் இருக்கும் வீட்டுக்கு 70 லட்சம் வரும் என்கிறார்கள். பழைய கடன் பாக்கி 12 லட்சம். சேமிப்பு 18 லட்சம். பொன்னம்மாப்பேட்டையில் பார்த்த பழைய வீடு 42 லட்சம். பழுது பார்க்க மேஸ்திரி சொன்ன தொகை 14 லட்சம்.

தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தாள் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறையும் என்று 2025 ஏப்ரலில் வந்த சலுகை 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்துக்குத்தான். இங்கே அது உதவாது. ஆக 42 லட்சத்துக்கு 3,78,000 ரூபாய். இதை வங்கி தராது, கைக்காசுதான்.

அடுத்து கடன். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக்கடன் சொத்து மதிப்பில் 90 சதவீதம்வரை போகலாம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம்வரை 80 சதவீதம். பழைய கட்டடம் என்றால் வங்கிகள் கையை இறுக்கும் என்பதால் 80 என்றே வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமான இடம் இதுதான்: அந்த 80 சதவீதம் நீங்கள் பேசிய விலைக்கு அல்ல, வங்கியின் மதிப்பீட்டாளர் போடும் விலைக்கு. ஒழுகும் ஓட்டு வீட்டுக்கு அவர் 36 லட்சம் போட்டால் கிடைப்பது 28,80,000 ரூபாய். பழைய கடனின் தவணை ஓடிக்கொண்டிருப்பதால், உங்கள் சம்பளத்துக்கு இந்தத் தொகை கிடைக்குமா என்பதும் தனிக் கேள்வி. விலை பேசும் முன்பே வங்கியில் கேட்டுவிடுங்கள்.

கிடைத்ததாகவே வைத்துக்கொள்வோம். கிரய நாளன்று கையிலிருந்து கொடுக்க வேண்டியது 13,20,000. பத்திரச் செலவு 3,78,000. மொத்தம் 17 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. சேமிப்பில் மிஞ்சுவது ஏறக்குறைய ஒரு லட்சம். வீடு உங்கள் பெயரில் வந்துவிட்டது, பழுது பார்க்கப் பணமில்லை. எட்டரை சதவீத வட்டியில் இருபது ஆண்டுக் கடனுக்கு மாதத் தவணை சுமார் 25,000 ஆகும். பழைய கடனுக்கு 15,000 என்றால் மாதம் 40,000. உங்கள் வீடு விற்கும்வரை ஒவ்வொரு மாதமும் இது போகும்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். 70 என்று எதிர்பார்த்தது 63க்கு முடிந்தால், கடன் 12 போய், தரகு 2 சதவீதம் போய், கையில் வருவது 50 லட்சத்துக்கும் கீழே. வாங்கியது, பத்திரம், பழுது, எதிர்பாராத வேலைக்கு ஒரு 3 லட்சம் எல்லாம் சேர்த்தால் செலவு 63 லட்சத்தைத் தொடுகிறது. வித்தியாசமான 13 லட்சத்தைச் சேமிப்பு தாங்குகிறது; நடுவில் கட்டிய தவணைகளையும் வருமான வரியையும் கழித்தால் மீதி மிகக் குறைவு. இந்தக் குடும்பம் வாங்கலாம், ஆனால் விற்கும் தேதியும் வாங்கும் தேதியும் ஒன்றையொன்று தொட்டபடி இருந்தால் மட்டுமே. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். 63க்கு விற்றாலும் கணக்கு நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். சேலத்தில் பழைய வீடுகள் இன்னும் இருக்கின்றன.

சில வங்கிகள் குடியிருக்கும் வீட்டை விற்கும்வரை இடைக்காலக் கடன் தருகின்றன. வட்டி வழக்கமான வீட்டுக்கடனைவிடக் கூடுதலாகவே இருக்கும். விற்பனைக்கு ஒப்பந்தம் போட்டு, ஆள் உறுதியான பிறகு, நடுவிலுள்ள சில மாதங்களைக் கடக்க மட்டும் அதை எடுங்கள்.

மூன்றாம் படி: வீட்டை மழையில் பாருங்கள்

பகலில் தரகருடன் ஒரு முறை, சாயங்காலம் தனியாக ஒரு முறை, நல்ல மழைக்கு மறுநாள் ஒரு முறை. ஆகஸ்டு முதல் அக்டோபர்வரை சேலத்தில் மாலை இடிமழை கொட்டும். திருமணிமுத்தாறும் ஓடைகளும் ஒட்டிய தாழ்வான தெருக்களில் தண்ணீர் எதுவரை ஏறியது என்பதைச் சுவர்க் கறை காட்டிவிடும். எதிர்வீட்டு அம்மாவிடம் கேட்டால் ஆண்டு வாரியாகச் சொல்வார்.

கூடவே ஒரு கொத்தனாரை அழைத்துப் போங்கள். சிமெண்டு வேலை மட்டும் தெரிந்தவர் வேண்டாம். சுண்ணாம்புச் சாந்தில் கைபட்டவராகத் தேடுங்கள். சுண்ணாம்போ செம்மண்ணோ வைத்துக் கட்டிய சுவரின்மேல் சிமெண்டுப் பூச்சு பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிச் சுவரைத் தின்னும். பழைய வீட்டில் கீழ்ச்சுவர் உப்புப் பூத்து உதிர்வதற்கு மிகப் பல இடங்களில் காரணம், யாரோ நல்லெண்ணத்தில் பூசிய சிமெண்டு.

கூரையில் மூன்று வகை பார்ப்பீர்கள். நாட்டு ஓடும் மங்களூர் ஓடும் என்றால் ஓட்டைவிட அடியிலுள்ள சட்டமும் கைமரமும்தான் கேள்வி. மரக்கட்டைகளின்மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கிச் சுண்ணாம்பில் போட்ட மெட்ராஸ் டெரஸ் என்றால், கட்டைகள் சுவருக்குள் நுழையும் முனையைப் பாருங்கள். கறையானும் ஈரமும் முதலில் பிடிப்பது அங்கேதான். ஒரு திருப்புளியால் அழுத்தினால் உள்ளே இறங்கக் கூடாது. இறங்கினால் அந்தக் கட்டையை மாற்ற வேண்டும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் போட்ட கான்கிரீட் தளம் என்றால் குளியலறைக்கு மேலேயும் வெளித் தாழ்வாரத்திலும் கம்பி துருப்பிடித்துச் சிமெண்டு பெயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் பெயர்ந்தால் ஒட்டலாம். அறை முழுவதும் என்றால் தளத்தையே இடித்துப் போடுவதற்கான விலையைக் கணக்கில் வையுங்கள்.

இங்கே மட்டும் பார்க்க வேண்டியவை சில உண்டு. அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டை, குகைப் பக்கத்து வீடுகள் பலவும் நெசவாளர் வீடுகள். தரைக்குள் தறிக்குழி இருந்து, பிற்பாடு இடிசலைப் போட்டு மூடியிருப்பார்கள். சரியாக இறுக்காமல் மூடிய குழியின் மேல் தரை அமுங்கும், டைல்ஸ் விரியும். வீட்டுக்காரரிடம் தறி எங்கே இருந்தது என்று நேராகக் கேளுங்கள். மறைக்கமாட்டார்கள், பெருமையுடன் காட்டுவார்கள். பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடுகிறதா என்பதையும் பாருங்கள். சத்தம் பழகிவிடும், பொதுச்சுவரில் அதிர்வால் வரும் விரிசல் பழகாது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறையாக இருந்த அறை என்றால் தரையையும் சாக்கடை வழியையும் கவனியுங்கள். அமிலம் புழங்கிய இடம் அது. சந்தின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். லாரி நுழையாத சந்தில் மணலும் செங்கல்லும் தலைச்சுமையாகவே வரும்; கூலி ஏறும்.

விரிசலைக் கண்டால் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதிவிட்டு வாருங்கள். அடுத்த முறை போகும்போது கோட்டைத் தாண்டியிருந்தால் அது ஓடும் விரிசல். கட்டடப் பொறியாளரைக் கூப்பிடாமல் விலை சொல்லாதீர்கள். மின்சாரம், தண்ணீர்க் குழாய் இரண்டையும் புதிதாகப் போட வேண்டும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாதாளச் சாக்கடை இணைப்பு உண்டா, மாநகராட்சித் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது, ஆழ்துளைக் கிணற்றில் கோடையில் தண்ணீர் நிற்கிறதா என்று தெருவில் கேளுங்கள்.

பழுது பார்க்கும் வரிசை: கூரை, தண்ணீர் போகும் வழி, கறையான், மின்சாரம், பிறகு மற்றவை. தரைக்கும் வர்ணத்துக்கும் மேஸ்திரி முதலில் விலை சொன்னால் நிறுத்தி, கூரையிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். அவர் சொன்ன மொத்தத்துக்கு மேல் 20 சதவீதம் தனியே ஒதுக்குங்கள். பூச்சு, வர்ணம், தரை மாற்றத்துக்குக் கட்டட அனுமதி தேவையில்லை. மாடி எழுப்பினாலோ கட்டடத்தை விரித்தாலோ தேவை.

நான்காம் படி: பத்திரம்

பழைய வீட்டில் பழுதான கூரையைவிட ஆபத்தானது பிரிக்கப்படாத பாகம். வீடு பூட்டிக் கிடப்பதற்கே பெரும்பாலும் அதுதான் காரணம். தாத்தா வாங்கியது, அப்பா வாழ்ந்தது, இப்போது அண்ணன் தம்பிகள் விற்கிறார்கள் என்றால், அக்கா தங்கைகள் எங்கே என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் 1989இலேயே பெண்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்கு வந்தது. 2005இல் நாடு முழுவதும் விரிந்தது. 2005இல் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. "அவங்களுக்குச் சீர் செஞ்சாச்சு" என்ற பதில் பத்திரத்தில் செல்லாது. ஒன்று அவர்களும் கையெழுத்திட வேண்டும், அல்லது தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து அவர்கள் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும். வாரிசுச் சான்றிதழில் உள்ள ஒவ்வொரு பெயரையும் எண்ணிப் பாருங்கள்.

வில்லங்க விவரத்தை 1975 முதல் இணையத்தில் பார்க்கலாம். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டு வாங்குங்கள். மூலப்பத்திரம், நகர நில அளவைப் பதிவேட்டின் நகல், சொத்துவரி ரசீது ஆகிய மூன்றிலும் அளவு ஒத்துப்போகிறதா, பொதுச்சுவர் யாருடையது என்று எழுதியிருக்கிறதா, பக்கத்துக் கூரைத் தண்ணீர் உங்கள் முற்றத்தில் விழும் உரிமை ஏதும் உண்டா, அடிமனை கோயிலுக்குச் சொந்தமா என்பதை வழக்கறிஞரிடம் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் கட்டணத்தில் பேரம் பேசாதீர்கள்.

ஐந்தாம் படி: விலையையும் கெடுவையும் ஒன்றாகப் பேசுங்கள்

இப்போதுதான் பேச உட்கார வேண்டும். அந்த இடத்துக்கு அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பேசிய விலை அதற்குக் கீழே போனாலும் முத்திரைத்தாள் கட்டணம் வழிகாட்டி மதிப்புக்கே கட்ட வேண்டும். வித்தியாசம் பத்து சதவீதத்தைத் தாண்டினால் வருமான வரியிலும் கேள்வி வரும்.

விற்பவருக்கு என்ன அவசரம் என்று கேட்டறியுங்கள். வெளியூரில் குடியேறிவிட்ட வாரிசுகளுக்குப் பெரும்பாலும் அவசரமில்லை. நல்ல ஆளும் உறுதியான தொகையும்தான் வேண்டும். அவர்களிடம் இப்படிச் சொல்லலாம்: "அண்ணா, நீங்க சொன்ன விலையில பெருசா குறைக்கச் சொல்லலை. எட்டு மாசம் கெடு கொடுங்க. பத்து சதவீதம் அட்வான்ஸ் பேங்க்லயே போட்டுடறேன்." மருத்துவச் செலவுக்கோ கல்யாணத்துக்கோ விற்பவரென்றால் எட்டு மாதம் கிடைக்காது, அங்கே அட்வான்ஸைக் கூட்டி ஆறு மாதம் கேளுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் வீடு வாங்க ஆள் வராது என்பது உங்களுக்கு இரு பக்கமும் பொருந்தும்: அந்த மாதங்களில் பேச்சை ஆரம்பித்தால் விற்பவர் இறங்கி வருவார், ஆனால் உங்கள் வீட்டுக்கும் ஆள் வராது. ஆகவே கெடு முடியும் தேதி ஆடியிலோ மார்கழியிலோ விழாமல் பாருங்கள். தையிலோ ஆவணியிலோ முடிந்தால் நல்லது.

முதலில் சிறு டோக்கன் மட்டும் கொடுத்து, ஆவணங்களின் நகலை வாங்கி, பதினைந்து நாள் அவகாசம் கேளுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ சொத்துக்கான முன்பணத்தை ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கியவருக்கு அதே அளவு அபராதம். உங்கள் வீட்டை விற்கும்போது முன்பணம் வாங்குபவர் நீங்கள் என்பதை மறக்காதீர்கள்.

ஆறாம் படி: கிரய ஒப்பந்தம்

2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். முத்திரைத்தாளில் எழுதிச் சாட்சிக் கையெழுத்துடன் வைத்துக்கொள்ளும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். பதிவு செய்தால் வில்லங்கத்தில் ஏறும். அவர் இன்னொருவருக்கு விற்க முயன்றால் அந்த ஆள் பார்த்துவிடுவார்.

ஒப்பந்தத்தில் கெடு தேதி தெளிவாக இருக்க வேண்டும். அதற்குமேல் இரண்டு மாதம் நீட்டிப்பு, அதற்கு மாதம் இவ்வளவு என்று இப்போதே எழுதுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் அதன் விலை இரட்டிப்பாகும். பத்திரத்தில் குறை தெரிந்தாலோ, சொத்தின் குறையால் வங்கி கடன் மறுத்தாலோ அட்வான்ஸ் முழுவதும் திரும்பும் என்று ஒரு வரி வேண்டும். "என் வீடு விற்காவிட்டால் முழு அட்வான்ஸும் திரும்ப வேண்டும்" என்பதற்கு நம் ஊரில் ஒப்புக்கொள்வோர் அரிது. ஆகவே அந்த நிலையில் நீங்கள் இழப்பது இவ்வளவு, மீதி இத்தனை நாளில் திரும்பும் என்று தொகையை வரையறுத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸில் பாதி என்றாலும் பரவாயில்லை. எல்லை தெரிந்த நஷ்டத்தோடு தூங்கலாம்.

அளவெடுக்கவும் கூரையைத் திறந்து பார்க்கவும் சாவி வேண்டும் என்று எழுதுங்கள். அதற்குமேல் வேண்டாம். கிரயம் ஆகும் முன்பே பழுது வேலையைத் தொடங்குவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அடுத்தவர் பெயரில் இருக்கும் சுவரில் போட்ட பணத்தை எந்தக் காகிதமும் எளிதில் மீட்டுத் தராது.

ஏழாம் படி: உங்கள் வீட்டை விற்பது

ஒப்பந்தம் பதிவான அன்றே உங்கள் வீட்டை விற்பனைக்கு விடுங்கள். வாங்க வருபவரிடம் நீங்கள் விலையில் கொஞ்சம் இறங்கலாம், ஆனால் காலி செய்யும் தேதியில் இறங்காதீர்கள். கிரயத்துக்குப் பின் நான்கைந்து மாதம் வாடகைக்கு இருந்து காலி செய்வதாக வாடகை ஒப்பந்தம் போட்டுக்கொண்டால், அந்தப் பணத்தில் பழைய வீட்டின் கூரை வேலை முடியும். இரண்டு முறை குடிமாறும் செலவும் மிச்சம்.

வரியில் இரண்டு விஷயம். இரண்டு ஆண்டுகளுக்குமேல் வைத்திருந்த வீட்டை விற்றுவரும் லாபத்தை இன்னொரு வீட்டில் போட்டால் கிடைக்கும் விலக்குக்கு, புதிய வீட்டை, அதாவது இப்போது நீங்கள் வாங்கும் வீட்டை, விற்பனைக்கு ஓராண்டு முன்போ இரண்டு ஆண்டுக்குள் பின்போ வாங்கியிருக்க வேண்டும். முன்பே வாங்கும் உங்களுக்கு ஓராண்டுதான்: புதிய வீடு வாங்கி ஓராண்டு முடியுமுன் குடியிருந்த வீட்டின் கிரயம் நடந்தாக வேண்டும். யார் பெயரில் விற்கிறீர்களோ அவர் பெயர் புதிய பத்திரத்திலும் இருக்கட்டும். வாங்கிய வீட்டை மூன்று ஆண்டுக்குள் விற்றால் விலக்கு பறிபோகும். 50 லட்சத்துக்கும் அதற்கு மேலும் விற்றால் வாங்குபவர் ஒரு சதவீதம் வரி பிடித்துக் கட்டுவார். கிரய நாளன்று கைக்கு வரும் தொகையில் அதைக் குறைத்தே கணக்கிடுங்கள். குடியேறத் தகுதியாக்கச் செய்த செலவுகளின் ரசீதுகளை ஆடிட்டருக்காகப் பத்திரப்படுத்துங்கள்.

ஏற்காட்டில் பழைய வீடு பார்ப்பவர்களுக்கு

மேலே சொன்னதெல்லாம் பொருந்தும்; கெடு மட்டும் இன்னும் நீளமாக வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் ஒவ்வொரு மூட்டை சிமெண்டும் வரும். மழையும் பனிமூட்டமும் போக, வேலைக்கு உகந்த மாதங்கள் தை முதல் வைகாசிவரைதான். மலைப்பகுதிக் கட்டடங்களுக்குக் கூடுதல் அனுமதி விதிகள் உண்டு என்பதால், விரிவாக்கம் செய்ய நினைத்தால் விலை பேசும் முன் விசாரியுங்கள். இரண்டு வீட்டுத் தவணையையும் ஓராண்டு தாங்க முடியாதவர் மலைக்கு ஏற வேண்டாம் என்பது என் கருத்து.

கடைசிப் படி: கிரய நாள்

முதல் நாள் மாலையில் வில்லங்க விவரத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். கையெழுத்தான அன்றே எல்லா அறைகளின் சாவியையும், மூலப்பத்திரங்களையும், மின் கட்டண, சொத்துவரி, தண்ணீர் வரி ரசீதுகளையும் வாங்கிக்கொள்ளுங்கள். மின் இணைப்பும் சொத்துவரியும் பெயர் மாற்றத்துக்கு அந்த வாரமே மனுக் கொடுங்கள். உட்பிரிவு தேவையில்லாத சொத்தென்றால் பட்டா மாறுதல் பதிவோடு சேர்ந்தே நகரும். உட்பிரிவு வேண்டுமென்றால் நில அளவர் வந்து அளக்க வேண்டும், அந்த விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள். மறுநாள் கொத்தனாரைக் கூரைமேல் ஏற்றுங்கள்.